படிவத்தில் தட்டும்போதே பட்டியலும் மாறிவிடுகிறது: வி-மாடல் பிணைப்பில் உதவி தேவை

நூலிழை

வணக்கம். வியூ 3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்கில் ஓர் உறுப்பினர் பட்டியல் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இடப்பக்கம் பட்டியல். அதில் ஒரு பெயரைச் சொடுக்கினால் வலப்பக்கம் திருத்தும் படிவம் திறக்கும். பெயர், மின்னஞ்சல், உடன் வருபவர்கள் எத்தனை பேர் என்று தேர்ந்தெடுக்க ஒரு செலெக்ட், முகவரி, பிடித்த தலைப்புகளுக்குச் சில செக்பாக்ஸ்கள். முகவரி மட்டும் உள்ளே இன்னொரு ஆப்ஜெக்ட். தெரு, ஊர், அஞ்சல் குறியீடு மூன்றும் அதற்குள் இருக்கின்றன. எல்லா இன்புட்டையும் டேட்டாவோடு பிணைப்பது வி-மாடல்தான்.

பெயரைத் திருத்தத் தட்டத் தட்ட, இடப்பக்கப் பட்டியலிலும் அந்தப் பெயர் கூடவே மாறுகிறது. சேமி பொத்தானை இன்னும் தொடவே இல்லை. ரத்து செய்தால் படிவம் மூடுகிறது, ஆனால் பட்டியலில் மாறிய பெயர் அப்படியே நிற்கிறது. பக்கத்தை மறுபடி ஏற்றினால்தான் பழைய பெயர் திரும்புகிறது.

இன்னும் இரண்டு விஷயம். உடன் வருபவர் எண்ணிக்கையோடு உறுப்பினரையும் சேர்க்க 1 கூட்டினால், 2 பேருக்கு 3 வராமல் 21 வருகிறது. அப்புறம், பட்டியலுக்கு மேலே ஒரு தேடல் பெட்டி. அலைபேசியில் தமிழில் தட்டினால் சொல் முடிந்து இடைவெளி விட்ட பிறகுதான் பட்டியல் வடிகட்டப்படுகிறது. கணினியில் ஆங்கிலத்தில் தட்டினால் உடனுக்குடன் நடக்கிறது.

மூன்றுக்கும் ஒரே காரணமா, தனித்தனியா?

கடலலை

தனித்தனி. முதலாவதுதான் பெரியது, அதிலிருந்து தொடங்கலாம்.

பெயரைச் சொடுக்கும்போது 'தேர்ந்த உறுப்பினர்' என்று ஒரு மாறியில் அந்த உறுப்பினரை வைக்கிறீர்கள், படிவம் அந்த மாறியோடு பிணைந்திருக்கிறது, சரிதானே? ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓர் ஆப்ஜெக்ட்டை இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் நகல் உண்டாவதில்லை. இரண்டு மாறிகளும் ஒரே ஆப்ஜெக்ட்டைத்தான் காட்டுகின்றன. ஒரே வீட்டுக்கு முன்வாசலும் பின்வாசலும் இருப்பது மாதிரி. பின்வாசல் வழியாகப் போய் நாற்காலியை நகர்த்தினால், முன்வாசலில் நிற்பவருக்கும் அது நகர்ந்த இடத்தில்தான் தெரியும்.

வி-மாடல் இதில் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. டெக்ஸ்ட் இன்புட்டில் அது இரண்டு வேலைகளைச் சேர்த்து எழுதும் சுருக்கம். டேட்டாவில் இருப்பதை இன்புட்டின் வேல்யூவாகக் காட்டும். இன்புட் ஈவென்ட் வந்தால் புது மதிப்பை டேட்டாவில் எழுதும். செக்பாக்ஸ், ரேடியோ என்றால் வேல்யூவுக்குப் பதில் செக்டு, இன்புட்டுக்குப் பதில் சேஞ்ச் ஈவென்ட். செலெக்ட்டில் வேல்யூவும் சேஞ்சும். எங்கே எழுத வேண்டும் என்று நீங்கள் காட்டிய இடம் பட்டியலுக்குள் இருக்கும் அதே உறுப்பினர். அங்கேயே எழுதுகிறது.

படிவம் திறக்கும்போது உறுப்பினரை நகலெடுத்து 'வரைவு' என்று தனி மாறியில் வையுங்கள். வி-மாடல் எல்லாம் வரைவோடு மட்டும் இருக்கட்டும். சேமித்தால் வரைவைப் பட்டியலில் எழுதுங்கள். ரத்து என்றால் வரைவை விட்டுவிட்டால் போதும், பழையதைத் திரும்ப வைக்கும் வேலையே இல்லை.

நூலிழை

நன்றி. மூன்று புள்ளி ஸ்ப்ரெட் (ஓர் ஆப்ஜெக்ட்டின் புலங்களைப் புது ஆப்ஜெக்ட்டில் பரப்பும் குறி) போட்டு நகலெடுத்தேன். பெயரும் மின்னஞ்சலும் சரியாகிவிட்டன. ஆனால் முகவரியில் ஊரை மாற்றினால் இப்போதும் பட்டியலில் ஊர் மாறுகிறது. தலைப்பு செக்பாக்ஸ்களை எப்படி மாற்றினாலும் பட்டியல் பாதிக்கப்படவில்லை. தலைப்புகளும் ஓர் அரே (மதிப்புகளின் வரிசை) தானே, அது மட்டும் எப்படித் தப்பித்தது?

கடலலை

நல்ல கவனிப்பு.

ஸ்ப்ரெட் மேல்மட்டத்தை மட்டும்தான் நகலெடுக்கும். பெயர் ஒரு ஸ்ட்ரிங் (வெறும் எழுத்துத்தொடர்), அதனால் வரைவுக்குத் தனியாக வந்துவிட்டது. முகவரி ஓர் ஆப்ஜெக்ட், அதனால் வரைவிலும் மூலத்திலும் அதே முகவரி. வரைவின் முகவரியில் ஊர் என்று வி-மாடல் எழுதும்போது பொதுவாக இருக்கும் அந்த ஆப்ஜெக்ட்டுக்குள் போய் எழுதுகிறது.

தலைப்புகளுக்கும் அரே பொதுவாகத்தான் இருந்தது. ஆனால் அரேயோடு பிணைந்த செக்பாக்ஸில் வியூ வேறு மாதிரி நடந்துகொள்ளும். நீங்கள் டிக் போட்டால் இருக்கும் அரேக்குள் தள்ளாது; புது மதிப்பையும் சேர்த்து ஒரு புதிய அரேயை உண்டாக்கி, அதை வரைவின் தலைப்புகளில் வைக்கும். டிக்கை எடுத்தாலும் நகலெடுத்து அதிலிருந்துதான் நீக்கும். அதனால் மூல அரேயை யாரும் தொடவில்லை. இதை நம்பி அப்படியே விட்டுவிடாதீர்கள். நாளை 'தலைப்பு சேர்' என்று ஒரு பொத்தான் வைத்து நீங்களே புஷ் செய்தால், அன்றைக்கு அதுவும் பட்டியலுக்குள் போய் விழும்.

ஆழமான நகல் வேண்டும். முகவரிக்குள்ளும் ஒரு ஸ்ப்ரெட், தலைப்புகளுக்கும் ஒரு ஸ்ப்ரெட் என்று கையால் எழுதலாம். படிவம் சிறியதாக இருந்தால் எனக்கு அதுவே பிடிக்கும். எந்த மட்டம் வரை நகல் என்பது படிப்பவருக்குக் கண்ணெதிரே தெரியும்.

மின்மினி

கையால் எழுதுவதைவிட, ஆழமாக நகலெடுக்கும் ஸ்ட்ரக்சர்டுகுளோன் என்ற ஃபங்ஷன் நல்லது. 2022 முதல் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. தேதி, மேப், செட் எல்லாம் அதே வகையாக நகலாகும். ஜேசன் என்ற உரை வடிவமாக மாற்றித் திரும்ப எடுக்கும் பழைய வழியில் தேதி வெறும் ஸ்ட்ரிங்காகிவிடும், செட் வெற்று ஆப்ஜெக்ட் ஆகிவிடும், வரையறுக்கப்படாத மதிப்புள்ள புலங்கள் காணாமலே போய்விடும்.

நூலிழை

போட்டுப் பார்த்தேன். டேட்டாகுளோன்எரர் என்று நின்றுவிடுகிறது. குளோன் ஆகாத ஃபங்ஷன் எதுவும் உறுப்பினருக்குள் கிடையாது.

மின்மினி

உங்கள் கையில் இருப்பது ப்ராக்ஸி. வியூ 3 ரியாக்டிவ் டேட்டாவை ப்ராக்ஸிக்குள் பொதிந்துதான் தருகிறது. எந்தப் புலம் படிக்கப்படுகிறது, எது எழுதப்படுகிறது என்று அது கவனிப்பது அந்த வழியாகத்தான். ப்ராக்ஸியை ஸ்ட்ரக்சர்டுகுளோன் ஏற்காது. வியூவில் டூரா என்று ஒன்று இருக்கிறது, பொதிந்ததைக் கழற்றி உள்ளிருக்கும் மூல ஆப்ஜெக்ட்டைத் தரும். உறுப்பினரை டூராவில் கொடுத்து, வருவதை குளோன் செய்யுங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஏற்கெனவே ஸ்ப்ரெட் செய்த நகலை இதற்குக் கொடுக்காதீர்கள். ப்ராக்ஸியை ஸ்ப்ரெட் செய்யும்போது உள்ளே இருக்கும் முகவரி ப்ராக்ஸியாகவே வந்து புது ஆப்ஜெக்ட்டில் உட்கார்ந்துவிடும். டூரா மேல்மட்டப் பொதியை மட்டும்தான் கழற்றும், அதனால் அதே பிழை மறுபடி வரும். பட்டியலில் இருக்கும் உறுப்பினரையே கொடுங்கள்.

வேரடி

இத்தனை சுற்றும், டேட்டாவும் பெட்டியும் ஒன்றையொன்று மாற்றும் இருவழிப் பிணைப்பால் வந்தது என்பது என் கருத்து. நான் ரியாக்ட் என்ற வேறொரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் பக்கம் இருப்பவன். அங்கே இன்புட்டுக்கு வேல்யூவைக் கொடுப்பீர்கள், மாற்றம் வரும்போது ஓடும் ஆன்சேஞ்சில் புது ஸ்டேட்டை (அங்கே மாறும் டேட்டாவுக்கு அந்தப் பெயர்) நீங்களே வைப்பீர்கள். டேட்டா கீழே போகும், மாற்றம் ஈவென்ட்டாக மேலே வரும். உங்களுக்குத் தெரியாமல் எதுவும் எழுதப்படாது. வேல்யூ கொடுத்து ஆன்சேஞ்ச் கொடுக்க மறந்தால் அந்தப் பெட்டியில் தட்டவே முடியாது, எச்சரிக்கையும் வரும். மறந்த இடம் உடனே கண்ணில் படும்.

ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃப்ரேம்வொர்க் 2010-இல் வந்தபோது இருவழிப் பிணைப்பு எல்லோருக்கும் பெரிய வசதியாகப் பட்டது. பெரிய பக்கங்களில் ஒரு மதிப்பு ஏன் மாறியது, யார் மாற்றினார்கள் என்று தேடுவதே தனி வேலையானது. ஒரு கண்காணிப்பு இன்னொன்றை மாற்ற, அது வேறொன்றை மாற்ற, எல்லாம் அடங்கும் வரை டைஜெஸ்ட் சுழற்சி திரும்பத் திரும்ப ஓடும். குழந்தை ஸ்கோப்புக்குள் (ஸ்கோப் என்பது பக்கத்தின் ஒரு பகுதிக்கான டேட்டா) புள்ளி இல்லாத பெயரோடு பிணைத்தால் தாய் ஸ்கோப்பில் இருக்கும் மதிப்பு மாறாமல், குழந்தையிடம் அதே பெயரில் இன்னொன்று முளைக்கும். ஒருவழி ஓட்டத்துக்குப் பலர் போனதற்கு அந்த அலைச்சலும் ஒரு காரணம்.

கடலலை

வேரடி, ஆங்குலர்ஜேஎஸ் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நூலிழையின் சிக்கலுக்கு அது பொருந்தாது. ரியாக்ட்டில் இதே படிவத்தை எழுதுங்கள். ஸ்டேட்டை ஸ்ப்ரெட் செய்து, பிறகு நகலின் முகவரியில் ஊரை நேராக மாற்றி செட்ஸ்டேட் கொடுங்கள். அங்கேயும் பட்டியலில் இருக்கும் மூல முகவரி மாறியிருக்கும். சில நேரம் திரையில் அது உடனே தெரியாது, வேறு எதற்காகவோ பட்டியல் மறுபடி ரெண்டர் ஆகும்போது (திரையில் வரையப்படும்போது) திடீரென்று தெரியும். தேட அது இன்னும் கடினம். ஒவ்வொரு மட்டத்திலும் ஸ்ப்ரெட் செய்ய வேண்டும் என்ற ஒழுக்கம் அங்கே தேவை. அதற்காகத்தான் பலர் இம்மர் போன்ற நூலகங்களை வைத்துக்கொள்கிறார்கள்.

ஆக, நாம் கேட்க வேண்டிய கேள்வி பிணைப்பு ஒருவழியா இருவழியா என்பது அல்ல. இன்னும் சேமிக்காத மதிப்பு யாருக்குச் சொந்தம் என்பதுதான். படிவத்துக்குச் சொந்தமான டேட்டா ஒன்று, பக்கத்துக்குச் சொந்தமான டேட்டா ஒன்று என்று பிரித்துவிட்டால், வரைவோடு வி-மாடல் வைத்துக்கொள்வதில் எந்த ஆபத்தும் இல்லை. அந்தப் பிரிவு இல்லாவிட்டால் எந்த ஃப்ரேம்வொர்க்கும் காப்பாற்றாது.

ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்குப் பின் வந்த ஆங்குலரின் ரியாக்டிவ் ஃபார்ம்ஸ் இந்தப் பிரிவைக் கட்டாயமாகவே வைத்திருக்கிறது. ஃபார்ம்குரூப் தன் மதிப்புகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். உறுப்பினரின் மதிப்புகளை பேட்ச்வேல்யூ கொண்டு உள்ளே ஊற்றுவீர்கள், சேமிக்கும்போது வெளியே எடுப்பீர்கள். எழுத அதிக வரிகள் ஆகும், ஆனால் நூலிழைக்கு நேர்ந்தது அங்கே இயல்பாக நேராது. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் யோசித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

வேரடி

சொந்தம் யாருக்கு என்ற கேள்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எழுதும் இடம் கண்ணுக்குத் தெரிவது புதியவர்களுக்கு நல்லது என்பதில் மாற்றமில்லை. வி-மாடல் என்ற ஒரு சொல்லுக்குள் அந்த எழுத்து மறைந்திருப்பதால்தான் இங்கே கேள்வியே வந்தது.

புதுவிசை

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். செலெக்ட்டின் ஆப்ஷன்களில் வேல்யூவை வெறும் ஹெச்டிஎம்எல் பண்பாக எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதிய எல்லாமே ஸ்ட்ரிங். 2 என்ற ஸ்ட்ரிங்கோடு 1-ஐக் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டித்தான் வைக்கும், அதனால் 21. ஆப்ஷனின் வேல்யூவுக்கு முன்னால் முக்காற்புள்ளி போட்டு பிணைத்துவிடுங்கள். அப்போது நீங்கள் கொடுத்த எண் எண்ணாகவே திரும்பி வரும். ஆப்ஜெக்ட்டைக்கூட அப்படிக் கொடுக்கலாம். இல்லையென்றால் வி-மாடலோடு நம்பர் என்ற மாடிஃபையரைச் சேர்க்கலாம்.

நம்பர் மாடிஃபையர் எண்ணாக மாற்ற முயலும், முடியாவிட்டால் தட்டியதை அப்படியே ஸ்ட்ரிங்காகத் தந்துவிடும். பெட்டியைக் காலி செய்தால் உங்களுக்கு வருவது வெற்று ஸ்ட்ரிங், சுழியம் அல்ல. கணக்கு போடும் இடத்தில் அதைச் சோதியுங்கள். வகை நம்பர் என்று இருக்கும் இன்புட்டில் வியூ இந்த மாற்றத்தைத் தானே செய்யும்.

அஞ்சல் குறியீட்டுக்கு மட்டும் நம்பர் வகையைத் தயவுசெய்து வைக்காதீர்கள். சுழியத்தில் தொடங்கும் குறியீடுகள், தொலைபேசி எண்கள் எல்லாம் எண்ணாக மாறியவுடன் முன்னால் இருக்கும் சுழியத்தை இழந்துவிடும். அவற்றை யாரும் கூட்டப்போவதில்லை, கழிக்கப்போவதில்லை. டெக்ஸ்ட் வகையே போதும். அலைபேசியில் எண் விசைகள் வரவேண்டும் என்றால் இன்புட்மோட் என்ற பண்பு இருக்கிறது.

செலெக்ட் பற்றி இன்னொன்று. வரைவில் இருக்கும் மதிப்பு எந்த ஆப்ஷனோடும் பொருந்தாவிட்டால் செலெக்ட் எதுவும் தேர்வாகாத நிலையில் நிற்கும். ஐஓஎஸ்-இல் அப்போது முதல் ஆப்ஷனைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போகும், ஏனென்றால் சேஞ்ச் ஈவென்ட் எழாது. 'ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்' என்று வெற்று வேல்யூவோடு, டிசேபிள் செய்த ஓர் ஆப்ஷனை முதலில் வையுங்கள்.

மின்மினி

தேடல் பெட்டி: இது வியூ தெரிந்தே செய்வது. உள்ளீட்டு முறை வழியாகத் தட்டும்போது ஒரு சொல் உருவாகிக்கொண்டிருக்கும் நிலை ஒன்று உண்டு. ஜப்பானியம், சீனம், கொரியம் தட்டும்போது அடியில் கோடு போட்டு அரைகுறையாக நிற்குமே, அந்த நிலை. அப்போது கம்போசிஷன்ஸ்டார்ட் என்ற ஈவென்ட் வரும், முடிந்ததும் கம்போசிஷன்எண்ட் வரும். இரண்டுக்கும் நடுவில் வி-மாடல் டேட்டாவைத் தொடாது. அலைபேசித் தமிழ் விசைப்பலகைகளில் பல ஒரு சொல்லை இப்படித்தான் கட்டுகின்றன, இடைவெளி விட்டால்தான் சொல் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும்.

பெயர், முகவரி போன்ற பெட்டிகளுக்கு இந்தக் காத்திருப்பு நல்லது, விட்டுவிடுங்கள். தேடல் பெட்டியில் மட்டும் வி-மாடலை எடுத்துவிட்டு, வேல்யூவைத் தனியாகப் பிணைத்து, இன்புட் ஈவென்ட்டில் நீங்களே மதிப்பை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் வடிகட்டும்.

அப்படிச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை, இது ரியாக்ட் எழுதுபவர்களுக்கும்தான். சொல் உருவாகும்போது அந்த இன்புட்டின் வேல்யூவைத் திருத்தி மறுபடி வைக்காதீர்கள். இடைவெளியை வெட்டுவது, எழுத்தை மாற்றுவது எல்லாம் அந்த நேரத்தில் நடந்தால் கட்டிக்கொண்டிருந்த சொல் உடைந்துவிடும், கர்சர் கடைசிக்குத் தாவும். வெட்ட வேண்டியதைத் தேடும் ஃபங்ஷனுக்குள் வெட்டுங்கள், பெட்டிக்குள் வேண்டாம்.

நீளத்துக்கு வரம்பு வைப்பதாக இருந்தால் இதையும் பாருங்கள். 'தமிழ்' என்ற சொல்லின் லெங்த் 5. நமக்குத் தெரிவது மூன்று எழுத்து, ஆனால் கொக்கியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. மேக்ஸ்லெங்த் பண்பும் அப்படியே எண்ணும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து 20 என்று போட்ட பெட்டியில் தமிழ்ப் பெயர் பாதியில் நின்றுவிடும். பயனருக்குக் காரணமே புரியாது. நாம் எழுதும் படிவங்களிலாவது இது நடக்கக் கூடாது.

நூலிழை

மூன்றும் சரியாகிவிட்டன, எல்லோருக்கும் நன்றி. முகவரிப் பகுதியைத் தனிக் கம்போனென்ட் ஆக்க நினைக்கிறேன், வேறொரு படிவத்திலும் தேவைப்படுகிறது. ப்ராப்பாக, அதாவது தாய்க் கம்போனென்ட் உள்ளே அனுப்பும் மதிப்பாக, கொடுத்த முகவரியோடு வி-மாடல் வைத்தால் ஓடுகிறது, ஆனால் நிரலைச் சோதிக்கும் லின்ட் கருவி ப்ராப்பை மாற்றாதே என்கிறது. ரத்து பொத்தானை ரீசெட் வகையாகப் போட்டுப் பார்த்தேன், அதுவும் விசித்திரமாக இருக்கிறது.

கடலலை

லின்ட் சொல்வது சரி. அது ஓடுவதற்குக் காரணம் முதல் பதிவில் பார்த்த அதே பொது ஆப்ஜெக்ட்தான். குழந்தைக் கம்போனென்ட் தாய்க்குத் தெரியாமல் தாயின் முகவரிக்குள் எழுதுகிறது.

வியூ 3-இல் கம்போனென்ட்டோடு வி-மாடல் என்றால், மாடல்வேல்யூ என்ற ப்ராப் உள்ளே போகும், அப்டேட் மாடல்வேல்யூ என்ற ஈவென்ட் வெளியே வரும். வியூ 2-இல் அது வேல்யூவும் இன்புட்டுமாக இருந்தது, பழைய பாடங்களைப் பார்த்து எழுதினால் குழம்பும். 3.4 பதிப்பிலிருந்து டிஃபைன்மாடல் என்று ஒன்று முழுமையாக வந்துவிட்டது, ப்ராப்பும் ஈவென்ட்டும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் டிஃபைன்மாடலுக்கு முழு முகவரி ஆப்ஜெக்ட்டைக் கொடுத்து, உள்ளே அதன் ஊரோடு வி-மாடல் வைத்தால் ஈவென்ட் எழாது. நேராக உள்ளே போய் எழுதிவிடும். அதைத் தவிர்க்க ஒரு கம்போனென்ட்டுக்குப் பல வி-மாடல் வைக்கலாம். தெருவுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, அஞ்சல் குறியீட்டுக்கு ஒன்று என்று பெயரிட்டு. மூன்றும் ஸ்ட்ரிங், அதனால் எழுத்து எப்போதும் ஈவென்ட் வழியாகவே போகும். உங்கள் படிவத்துக்கு இதுவே பொருத்தம்.

ரீசெட் வேண்டாம். அது ஹெச்டிஎம்எல்லில் எழுதிய தொடக்க மதிப்புக்கு இன்புட்களைத் திருப்பும், இன்புட் ஈவென்ட் எதுவும் எழுப்பாது. திரையில் ஒன்று, வரைவில் ஒன்று என்று ஆகிவிடும். ரத்து பொத்தானின் வகையை பட்டன் என்று எழுதி, கிளிக்கில் வரைவை விடுங்கள். வகை எழுதாவிட்டால் படிவத்துக்குள் இருக்கும் பொத்தான் சப்மிட் ஆகிவிடும், ரத்து அழுத்தியவருக்குச் சேமிப்பு நடந்துவிடும்.

வேரடி

பெரிய படிவங்கள் எழுதுவோருக்கு ஒரு குறிப்பு. ரியாக்ட்டில் எல்லா இன்புட்டையும் மேல் கம்போனென்ட்டின் ஸ்டேட்டோடு கட்டினால், ஒவ்வொரு தட்டலுக்கும் முழுப் படிவமும் மறுபடி ரெண்டர் ஆகும். தட்டும்போது எதையும் காட்டத் தேவையில்லை என்றால், டிஃபால்ட்வேல்யூ கொடுத்து மதிப்பை பிரவுசரிடமே விட்டுவிட்டு, சப்மிட் ஆகும்போது ஃபார்ம்டேட்டாவாக எடுக்கலாம். ரியாக்ட் ஹுக் ஃபார்ம் என்ற நூலகம் இதை ஒட்டியே நடக்கிறது. ஆனால் டிக் போடாத செக்பாக்ஸும் டிசேபிள் செய்த இன்புட்டும் ஃபார்ம்டேட்டாவில் வரவே வராது, வருவதெல்லாம் ஸ்ட்ரிங் அல்லது கோப்பு. வியூவில் லேசி மாடிஃபையர் போட்டால் சேஞ்ச் ஈவென்ட்டில் மட்டும் டேட்டா மாறும், பாதிச் சுமை அதிலேயே குறையும்.

கட்டுப்பட்ட (ஸ்டேட்டோடு கட்டிய) இன்புட்டின் வேல்யூ முதல் ரெண்டரில் அன்டிஃபைன்டு ஆக இருக்கக் கூடாது. சர்வரிலிருந்து டேட்டா வரும் வரை வெற்று ஸ்ட்ரிங் கொடுங்கள்.

நூலிழை

கடைசியாக ஒன்று. சேமிக்கும்போது பட்டியலில் எந்த இடத்தில் எழுத வேண்டும் என்று இப்போது அரேயின் வரிசை எண்ணை வைத்திருக்கிறேன். அது போதுமா?

மின்மினி

போதாது. படிவம் திறந்திருக்கும்போதே பயனர் பட்டியலைப் பெயர்வாரியாக அடுக்கிவிட்டால் வேறொருவர் மேல் எழுதிவிடுவீர்கள். வரைவில் இருக்கும் ஐடியை வைத்துப் பட்டியலில் தேடி, அந்த உறுப்பினரை மாற்றுங்கள்.

சர்வர் சரி என்று சொல்லும் முன் பட்டியலைத் தொடாதீர்கள். மின்னஞ்சல் தவறு என்று சர்வர் மறுத்தால் வரைவு அப்படியே இருக்கட்டும், பயனர் தட்டியது எதுவும் போகக் கூடாது; பிழையை அந்தப் பெட்டிக்குக் கீழே காட்டுங்கள். சரி என்று சொன்னால் வரைவை வைக்காமல் சர்வர் திருப்பி அனுப்பிய உறுப்பினரையே பட்டியலில் வையுங்கள். இடைவெளிகளை வெட்டுவது, மின்னஞ்சலைச் சிறிய எழுத்தாக்குவது எல்லாம் அங்கே நடந்திருக்கும். சேமித்த பிறகும் படிவம் திறந்தே இருக்குமானால், அதற்குச் சர்வர் தந்த உறுப்பினரிலிருந்து புதிதாக ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள்.